சாமி அலுமாரிக்குள் ஒரு படிக்கட்டு

வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு வீட்டுக்குள் வெயில் வரும் என்று நான் பிற்பகல்வரை காத்திருந்தேன். வெயில் வரவில்லை. இதை இதுவரை என் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் யார் யாரிடம் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. கோயிலில் சிலர் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

நடந்தது இதுதான். ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் பெல்கேட் ஹவுஸ் என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது. ஏழு பிளாட்டுகளாகப் பிரித்த வீடு. முன்பக்க பிளாட் ஒன்றில் சுவரெல்லாம் பூஞ்சணம் என்று முறைப்பாடு வந்து, கட்டடப் பரிசோதகன் என்று என்னை அனுப்பினார்கள். குடியிருந்த பெண்மணி சுவரைக் காட்டினார். நான் யன்னல்களைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கும் மேலே எழும்பி நின்றன. எல்லாம் தெற்கே பார்த்தவை. இங்கிலாந்துக் கிராமத்து மாளிகைகளில் நடக்கும் தடித்த நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து எடுத்து வாசித்தவன் நான். இப்படிப்பட்ட யன்னல்களால் வெயில் உள்ளே விழும் என்பதும், அந்த வெயிலில் யாராவது கடிதம் வாசித்து மயங்கி விழுவார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். “கவலைப்படாதீர்கள், மத்தியானம் சூரியன் இந்தப் பக்கம் வரும், ஈரம் தானாகக் காயும், இருந்து காட்டிவிட்டே போகிறேன்” என்று நிபுணனின் குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் சூரியன் வடக்கால்தான் போகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். பரீட்சையில் சரியாக எழுதியும் இருக்கிறேன். அந்தப் பெண்மணி நாகரிகமானவர், மூன்று தடவை தேநீர் தந்தார். மூன்றாவது தடவை தரும்போது கையுறை போட்டிருந்தார்.

எனக்கிருந்த ஒரே ஆறுதல், அந்த வீட்டைக் கட்டியவரும் இதே பிழையை விட்டவர் என்பதுதான்.

அவர் ஒரு மர வியாபாரி. இங்கிலாந்தில் தன் சொந்தக்காரப் பணக்காரர் ஒருவரின் மாளிகையைச் சின்ன வயதில் வெளியே நின்று பார்த்தவர். இங்கே வந்து காசு சேர்ந்ததும் அதே வீட்டைக் கட்டினார். நடுவில் வாசல், இரண்டு பக்கமும் எண்ணி வைத்தாற்போல் யன்னல்கள், ஒரு முகத்தின் இரண்டு பாதி போல. ஜோர்ஜியன் பாணி என்பார்கள். அந்தப் பாணிக்குப் பெயர் கொடுத்த ஜோர்ஜ் மன்னர்கள் எல்லாம் செத்து முடிந்த பிறகுதான் ஆக்லாந்து என்ற ஊரே தொடங்கியது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கல் கிடைக்காத இடத்தில் கவ்ரி மரப்பலகையைக் கல்போலக் கோடு வெட்டிப் பூசினார். ஓரிடத்தில் புகைபோக்கி குறுக்கே வந்ததால் யன்னல் வைக்க முடியவில்லை. ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாதே என்று அங்கே ஒரு பொய் யன்னலை வைத்தார். சட்டம் இருக்கும், கதவு மூடியிருக்கும், பின்னால் சுவர். இங்கிலாந்தில் வெயில் தெற்கே இருப்பதால் வரவேற்பறையும் சாப்பாட்டறையும் தெற்கே பார்க்கும். பால் திரியாமல் இருக்கக் குசினி வடக்கே, குளிரில் இருக்கும். இவர் வரைபடத்தை அப்படியே இறக்கினார். விளைவாக, ஐயாவும் அம்மாவும் வாழ்நாள் முழுக்க முன்னறையில் நடுங்கினார்கள். சமையல்காரி மட்டும் பின்னால் வெயில் காய்ந்தாள்.

அவர் காலத்துக்குப் பிறகு அது நோயாளிகள் தேறும் இல்லமாக இருந்தது. அங்கே யாரும் தேறியதாகத் தகவல் இல்லை. பிறகு வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி. அதற்கும் பிறகு ஒரு கட்டடக்காரர் வாங்கி, நடுவில் சுவர்களை எழுப்பி, ஏழு பிளாட்டாக விற்றார். சாப்பாட்டறைக் கூரையில் சுண்ணாம்பில் செய்த ஒரு பெரிய பூ இருந்தது. சுவர் அதன் நடுவால் போனது. இன்றைக்கும் இரண்டு குடும்பங்கள் ஆளுக்கு அரைப் பூவின் கீழ் இருந்து சாப்பிடுகின்றன.

இதையெல்லாம் எழுதச் சொன்னது ஆர்த்தி. கோயம்புத்தூர்ப் பெண், கெட்டிக்காரி. என் முழங்கால் ஏணி ஏற மாட்டேன் என்று சொல்லி, நான் நினைத்ததைவிட முன்னதாக ஓய்வு எடுத்தபோது என் மேசை அவளுக்குப் போனது. இப்போது வீடு பார்க்க யாரும் போவதில்லையாம். குடியிருப்பவர் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகக் காட்டுவார், இவர்கள் நகர மையத்து அலுவலகத்தில் இருந்தபடியே பார்ப்பார்களாம். “சார், பெல்கேட் ஹவுஸ் கதைய வாயாலேயே சொல்லிட்டிருக்கீங்க. எழுதிக் குடுத்தா புதுசா வர்றவங்களுக்கு ஆகும்ல” என்றாள். யாருக்கு ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொல்வது, குழந்தையிடம் பாடச் சொல்வது மாதிரி. நிறுத்துவதுதான் கஷ்டம்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் படவரைஞர் படிப்பைப் பாதியில் விட்டேன். விட வைத்தது யுத்தம் என்றாலும் என் மதிப்பெண்களும் அதற்கு உதவின. ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் தட்டுகளில் தகரப் பேணிகள் அடுக்கினேன். மாலையில் கட்டடப் பரிசோதனை படித்தேன். இந்த நாட்டில் ஒரு கட்டடத்து பிளாட் உரிமையாளர்கள் எல்லாரும் சட்டப்படி ஒரு சங்கம். ஒருவரோடொருவர் கதைக்க விருப்பமில்லாததால், தங்களுக்காகக் கதைக்க ஒரு கம்பனியை வைத்துக்கொள்வார்கள். அப்படியொரு கம்பனி என்னை எடுத்தது. அங்கே எனக்கு மேலாளராக இருந்தவர் மிஸஸ் அந்தோணி.

மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். குட்டையான உருவம், இஸ்திரி கலையாத சேர்ட். எந்த வீட்டுக்குப் போனாலும் முன்வாசலால் உடனே உள்ளே போக மாட்டார். முதலில் வீட்டை வெளியே ஒரு சுற்று. கையில் இரும்பு அளவு நாடா. வெளியே அளந்து எழுதுவார். பிறகு உள்ளே ஒவ்வொரு அறையாக அளந்து எழுதுவார். சுவர்களின் தடிப்பைச் சேர்ப்பார். உள்ளும் புறமும் ஒத்துப்போகாவிட்டால் பேனையால் மெல்லத் தட்டிக்கொண்டு, “மிச்சம் எங்க போச்சு குணா?” என்பார், நான்தான் அதை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டேன் என்பது போல. முறைப்பாடு செய்தவர் என்ன சொன்னாலும் அளந்து முடியும்வரை பதில் சொல்ல மாட்டார். ஒரு குடுவையில் வெந்நீர் வைத்திருப்பார். தேயிலை கிடையாது, வெறும் வெந்நீர்.

கூட்டங்களில் யாராவது கத்தினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துப் போட்டு நிமிரும்போது கத்தியவருக்குத் தான் கத்தியது ஞாபகம் வந்துவிடும். எதையும் தொடங்குமுன் “பசியாறியாச்சா?” என்று கேட்பது அவர் ஊர் வழக்கம். வெள்ளைக்காரர்களிடமும் ஆங்கிலத்தில் அதையே கேட்பார். ஒருவர் தன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, மேலங்கியை எடுத்துக்கொண்டு எங்கள் காரில் ஏறி உட்கார்ந்தது உண்டு. அவருக்கு மிஸஸ் அந்தோணி உண்மையாகவே சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் கேள்வியை மாற்றவில்லை.

இனி ஆர்த்தி கேட்ட அந்த வழக்கு.

பெல்கேட் ஹவுஸைப் பார்க்க வந்த தீப்பாதுகாப்புப் பொறியியலாளர் ஒரே வரியில் விஷயத்தைச் சொன்னார். மேல்மாடியில் நாலு பிளாட், இறங்க ஒரே ஒரு மரப்படிக்கட்டு. அதில் தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் யன்னலால் குதிக்க வேண்டும். இரண்டாவது வழி ஒன்று செய்யாவிட்டால் மேல்மாடியில் யாரும் வசிக்க முடியாது. வெளியே இரும்புப் படி வைக்கலாமா என்றால், அது பாதுகாக்கப்பட்ட பழைய வீடு, வெளித்தோற்றத்தில் அப்படி ஒன்றைத் தொங்கவிட அனுமதி இல்லை. உள்ளே வைக்க இடம் இல்லை.

மிஸஸ் அந்தோணி அளவு நாடாவோடு போனார். நான் மறுமுனையைப் பிடித்தேன். என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி மறுமுனையைப் பிடித்ததுதான். மாலைவரை அளந்தோம். கூட்டிப் பார்த்தால் வீட்டின் பின்பக்கத்தில், ஒரு ஆள் தோளை ஒடுக்கி நடக்கும் அகலத்துக்கு இடம் காணாமல் போயிருந்தது. மேலே நடையில் துணி அடுக்கும் அலுமாரி. கீழே ஏழாம் இலக்க பிளாட். இரண்டுக்கும் நடுவில் அந்த மிச்சம்.

“படி” என்றார் மிஸஸ் அந்தோணி. “வேலைக்காரங்க படி. எசமான் கண்ணுல படாம ஏறி எறங்கணும்ல. பிளாட் போட்டவன் ரெண்டு பக்கமும் பலகைய அடிச்சு மூடிட்டான்.”

படி முடியும் இடம் ஏழாம் இலக்கம். அந்தக் காலத்துக் குசினி. வீட்டிலேயே சின்ன பிளாட், மலிவான பிளாட், கீழ்த்தளத்தில் வெயில் விழும் ஒரே பிளாட். அதில் ரஞ்சி அக்கா இருந்தார்.

ரஞ்சி அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர். தனி ஆள். அகதியாக வந்து, த்ரீ கிங்ஸில் அண்ணன் வீட்டு வளவில் தனியாக நின்ற ஸ்லீப்அவுட் அறையில் பல வருடங்கள் இருந்தார். அண்ணன் குடும்பம் நல்ல குடும்பம்தான். ஆனால் குளிக்கவும் சமைக்கவும் முற்றத்தைக் கடந்து பெரிய வீட்டுக்குள் போய், இப்போது போகலாமா என்று கதவோரம் நின்று பார்க்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மோட்கேஜ் கடன் எடுத்து, இந்த ஏழாம் இலக்கத்தை வாங்கினார். தன் பெயரில் வாங்கிய முதல் கதவு என்று சொல்லுவார்.

நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம்.

“வாங்கோ தம்பி. மிஸிஸ், நீங்களும் வாங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

குசினிச் சுவரில் பதித்த ஓர் அலுமாரி. மிஸஸ் அந்தோணியின் கணக்குப்படி படி அங்கேதான் இறங்க வேண்டும். ரஞ்சி அக்கா அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டில் பிள்ளையார், முருகன், லட்சுமி; அவர்களுக்குப் பக்கத்தில், யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவனத்தோடு மடு மாதா. கீழ்த் தட்டில் திருநீறு, கற்பூரம், ஒரு பை அரிசி. கத்தோலிக்கரான மிஸஸ் அந்தோணி மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு “தட்டலாமா மா?” என்று கேட்டு, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் விரலால் தட்டினார். உள்ளே வெறுமை என்று சத்தம் சொன்னது.

காரில் திரும்பும்போது மிஸஸ் அந்தோணி என்னைக் கேட்டார்: “சாமிய எடுத்து வேற எடத்துல வைக்கலாமா? உங்க பக்கம் எப்படி?”

என் கருத்தை யாராவது கேட்டால் எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி ஆபத்தானது. ஹில்ஸ்பரோவிலிருந்து நகர மையம்வரை நான் நிறுத்தவில்லை. வீட்டுச் சாமியின் தன்மை, ஈசானிய மூலை, நிலைப்படுத்திய தெய்வத்தை நகர்த்துவதால் வரும் சங்கடங்கள், ஆகமம் என்ன சொல்லலாம், எங்கள் மக்களின் மனம் எவ்வளவு புண்படும். ஆகமத்தில் ஒரு வரிகூட நான் வாசித்ததில்லை. மிஸஸ் அந்தோணி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, சமயக் காரணங்களால் இது மிகவும் சிக்கலானது என்று அறிக்கையில் எழுதினார்.

அந்த அறிக்கையோடு உரிமையாளர் கூட்டம் கூடியது. தலைவர் ஹார்கிரீவ்ஸ். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். மேல்மாடி முன்பக்கம், எசமானின் பழைய படுக்கையறையில் இருபது வருடத்துக்கு மேலாக இருப்பவர். அந்த வீட்டை அவர் நேசித்தது போல ஒரு மனிதரை யாரும் நேசித்து நான் பார்த்ததில்லை. யன்னல் திரைகள் வெளியிலிருந்து ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்று விதி கொண்டுவந்தவர் அவர். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார்; அந்த அறைக்கு அது தேவை.

அவருடைய யோசனை எளிமையாக இருந்தது. சங்கம் ஏழாம் இலக்கத்தை நியாயமான விலைக்கு வாங்கிவிடலாம். அதை அவசர வழியாகவும் சைக்கிள் அறையாகவும் மாற்றலாம். வெளியே ஓர் ஆணிகூட மாறாது. சமயச் சிக்கலும் எழாது, ஏனென்றால் அந்த அம்மணி தன் தெய்வங்களோடு வேறிடம் போய்விடுவார். குரலில் எந்தக் கெடுதலும் இல்லை. மேல்மாடிக்காரர்கள் தலையாட்டினார்கள், அவர்களுக்கும் வீடு போகிற பயம். நியாயமான விலை என்றால், ஒரு சின்னப் பின்பக்க அறையின் விலை. ஆக்லாந்தில் அந்தக் காசுக்கு இன்னொரு கதவு கிடைக்காது என்பது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். விற்க மாட்டேன் என்று சொல்ல ரஞ்சி அக்காவுக்கு உரிமை இருந்தது. ஆனால் சொன்னால், மேலே நாலு குடும்பம் தெருவுக்கு வந்தது தன்னால்தான் என்ற பார்வையோடு அதே வாசலால் தினம் போய் வர வேண்டும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நான் ரஞ்சி அக்காவிடம் ஆறுதலாக, சாமி அலுமாரியைத் தொட விடமாட்டோம், அதற்காகத்தான் அறிக்கையில் விளக்கமாக எழுதியிருக்கிறோம் என்றேன்.

ரஞ்சி அக்கா நடையை நிறுத்தித் திரும்பினார்.

“ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது? அது கலண்டர்ப் படங்கள்தானே தம்பி. வன்னியால காவிக்கொண்டு வந்தது, முகாமில வச்சுக் கும்பிட்டது, அண்ணை வீட்டில சூட்கேசுக்கு மேல இருந்தது. சாமி எங்கையும் இருக்கும். நான் எங்க இருக்கிறது? திரும்பவும் ஸ்லீப்அவுட்டுக்குப் போகச் சொல்லுறியளோ?”

நான் மிஸஸ் அந்தோணிக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கத்தவே இல்லை.

“குணா, நீங்க என்கிட்ட சொன்னது உங்களுக்குத் தெரிஞ்சதா, நீங்க நெனச்சதா?”

“நினைச்சது.”

“அப்ப இனிமே நாம அவங்களையே கேட்டுக்கலாம் லா.”

அடுத்த நாள் திரும்பவும் வெளியே ஒரு சுற்று. பின்பக்கத்தில், ரஞ்சி அக்காவின் குசினிக்கு வெளியே, ஒரு திறந்த தாழ்வாரம் இருந்தது. ஒரு காலத்தில் கரி கொட்டிய இடம். இப்போது பொதுச் சொத்து, உடைந்த கதிரைகள் கிடந்தன. மிஸஸ் அந்தோணி அளந்தார். அலுமாரியையும் குசினியில் ஒரு ஒடுங்கிய கீலத்தையும் எடுத்து, படியிலிருந்து வெளிக்கதவுவரை தீப்பிடிக்காத சுவர்களோடு ஒரு வழி. அதற்கு ஈடாகத் தாழ்வாரத்தை அடைத்து, யன்னல் வைத்து, ரஞ்சி அக்காவின் பெயரில் சேர்ப்பது. பிளாட் சின்னதாகாது, வடக்கே ஓரடி நகரும். ஏற்கெனவே கூரை இருந்த இடம் என்பதால் இதற்கு அனுமதி கிடைக்கும். ஆனால் பொதுச் சொத்தைக் கொடுக்க எல்லா உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஹார்கிரீவ்ஸ் மாட்டேன் என்றார். பின்பக்கத்தில் இடது புறம் மட்டும் ஒரு யன்னல் முளைத்தால் வீட்டின் சமநிலை என்ன ஆகும் என்று கேட்டார். பின்பக்கத்தைப் பக்கத்து வளவு நாயைத் தவிர யாரும் பார்ப்பதில்லை என்று நான் சொன்னேன். பார்க்காவிட்டால் பிழை சரியாகிவிடுமா என்றார்.

மிஸஸ் அந்தோணிக்கு ஒரு நடைமுறை உண்டு. வாக்கெடுப்புக்கு முன் எல்லாரும் அந்த இடத்தில் ஒரு தடவை நடக்க வேண்டும். “உக்காந்தா எல்லாரும் வக்கீலாயிடுவாங்க” என்பார். படியைத் திறந்து ஒரு தீ ஒத்திகை வைக்கலாம் என்று பொறியியலாளரிடம் சொன்னார். படியின் அகலத்தைச் சோதிக்க அவருக்கும் அது தேவைப்பட்டது. மேலும் கீழும் பலகைகளைக் கழற்றினோம். கவ்ரிப் படிகள் அப்படியே இருந்தன, நடுவில் கால் பட்டுப் பட்டுக் குழிந்து.

ரஞ்சி அக்கா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. சாமி அலுமாரிக்குள்ளால் வருகிறவர்கள் சப்பாத்தோடு வரக்கூடாது.

பொறியியலாளர் நல்ல மனிதர், ஆனால் தன் தொழிலை மதிப்பவர். தீப்பிடித்தால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

“தீப்பிடிச்சா சப்பாத்தோட ஓடி வரட்டும், நான் ஒண்டும் சொல்ல மாட்டன். இது ஒத்திகைதானே” என்றார் ரஞ்சி அக்கா.

ஒத்திகைக்கான அறிவித்தலில் ‘காலணிகளை மேலே விட்டுவிட்டு இறங்கவும்’ என்று மிஸஸ் அந்தோணி சேர்த்தார். எந்தக் காரணமும் எழுதவில்லை. காரணம் எழுதினால் விவாதம் வரும் என்பது அவர் அனுபவம்.

ஒரு சனிக்கிழமைக் காலை, நல்ல குளிர், ஆனால் வானம் தெளிவு. சாமிகள் ஒரு புதுத் துவாய் விரித்த பிளாஸ்டிக் தாம்பாளத்தில் குசினி மேடையில் இருந்தார்கள். ரஞ்சி அக்கா அவர்களை மாற்றியதற்கு எடுத்த நேரத்தில் நான் ஆகமத்தைப் பற்றி ஒரு வசனம்கூட முடித்திருக்க மாட்டேன். மணி அடித்தது. அலுமாரிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். மேல்மாடித் தாதி, அவர் கணவர், ஒரு பல்கலைக்கழக மாணவி, எல்லாரும் காலுறையோடு, தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கி. தட்டைக் கழற்றிய இடத்தில் திருநீறு கொஞ்சம் சிந்தியிருந்தது. அது எல்லார் தோளிலும் பட்டது. கடைசியாக ஹார்கிரீவ்ஸ். உயரமானவர். வளைந்து வெளியே வந்து நிமிர்ந்தபோது நெற்றியில் ஒரு வெள்ளைக் கீறு இருந்தது. நான் பார்த்தவர்களில் பலரைவிட அவருக்கு அது பொருந்தியது.

நேரே பின்கதவால் புல்வெளிக்குப் போய்க் கூடி நிற்பதுதான் திட்டம். ரஞ்சி அக்கா கதவை மறித்து நின்றார். “இந்தப் பனிக்குள்ள வெறுங்காலோட எங்க போறியள்? இருங்கோ” என்றார். தமிழில்தான் சொன்னார். எல்லாரும் இருந்தார்கள். உழுந்து வடை சுட்டு வைத்திருந்தார், தேநீரும் ஊற்றி வைத்திருந்தார். எரிவதாகப் பாவிக்கப்பட்ட வீட்டுக்குள், எரியும் மாடியிலிருந்து தப்பி வந்தவர்கள், வடை சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். பொறியியலாளர் புல்வெளியில் தனியாக நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடும் இடத்துக்கு யாருமே வந்து சேரவில்லை, ஒத்திகை தோல்வி என்று பிறகு எழுதினார். எழுதும்போது அவர் கையிலும் ஒரு வடை இருந்தது.

ஹார்கிரீவ்ஸுக்கு யன்னலோரக் கதிரை கிடைத்தது. வடக்கு வெயில் அவர் முழங்காலில் விழுந்து, பிறகு நெஞ்சுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் தலையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல நரைமுடி இருந்தது. காலையில் இங்கே எப்போதும் இப்படித்தானா என்று ரஞ்சி அக்காவைக் கேட்டார். மாரிக் குளிரிலும் அப்படித்தான் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஹார்கிரீவ்ஸ் எழுந்து காலுறையோடு சுவர் சுவராக நடந்தார். கட்டில், ஒரு மேசை, தையல் மெசின், யன்னலில் கறிவேப்பிலைச் சாடி. அதற்கு மேல் அந்த பிளாட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. சைக்கிள் அறைக்கு எத்தனை சைக்கிள் பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் மிஸஸ் அந்தோணி வரைபடத்தை விரித்துவிட்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். ஹார்கிரீவ்ஸ் தொண்டையைச் செருமினார். பின்பக்கத் தோற்றத்தில் இடது புறம் எப்போதும் கொஞ்சம் பலவீனமாகவே இருந்தது என்பதைத் தான் கவனித்ததாகச் சொன்னார். அடைத்த தாழ்வாரம் அதைச் சரிசெய்யும். ஒரே நிபந்தனை: வலது புறமும் அதே அளவில் ஒரு யன்னல் வர வேண்டும். வலது புறத்தில் குளியலறைக் குழாய்கள் போகின்றன, யன்னல் வைக்க முடியாது என்றேன். பொய் யன்னல் போதும் என்றார். வடையைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. மனிதர்கள் ஏன் மனம் மாறுகிறார்கள் என்பது எந்தக் கூட்டக் குறிப்பிலும் இருக்காது. அதனால்தான் மாற முடிகிறது என்று நினைக்கிறேன்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலை மாரி முழுக்க நடந்தது. மர வியாபாரி செத்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவருடைய வீட்டுக்கு இன்னொரு பொய் யன்னல் கிடைத்தது. சட்டம், மூடிய கதவு, பின்னால் சுவர். பக்கத்து வளவு நாய் சில நாள் அதைப் பார்த்துக் குரைத்துவிட்டு விட்டுவிட்டது. படியில் வெளிச்சமும் கைபிடியும் போட்டோம். பொறியியலாளர் இரண்டாவது ஒத்திகை வெற்றி என்று எழுதினார். அந்தத் தடவை எல்லாரும் சப்பாத்தோடு புதிய வழியால் நேரே புல்வெளிக்குப் போய் நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடைத்த தாழ்வாரத்தில் ரஞ்சி அக்கா பால் காய்ச்சினார். மிஸஸ் அந்தோணியையும் என்னையும் கூப்பிட்டிருந்தார். மிஸஸ் அந்தோணி ஒரு சில்வர்க் குத்துவிளக்கைக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் யன்னல் சட்டத்தின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தார். சாமிகள் புதுத் தட்டில் இருந்தார்கள், மாதா உட்பட. ஹார்கிரீவ்ஸ் தொப்பி இல்லாமல் வந்து புது யன்னலோரத்தில் இருந்தார். நான் வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். மர வியாபாரி, தெற்கு முகம், வேலைக்காரர் படி எல்லாவற்றையும் கோத்து ஒரு சிறிய உரையை மனதில் தயாராக வைத்திருந்தேன்; இந்த வீட்டைக் காப்பாற்றியவர் என்று ரஞ்சி அக்கா என்னை அறிமுகப்படுத்தியதும் அடக்கமாகத் தொடங்கலாம் என்று இருந்தேன்.

அண்ணன் மனைவியின் கையைப் பிடித்து ரஞ்சி அக்கா என் முன்னால் கொண்டுவந்தார்.

“மச்சாள், நான் சொன்னனான் எல்லே, இவர்தான் எனக்குக் கதவு போட்டுத் தந்தவர்.”

மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்லதாப் போச்சு. எங்கட பாத்ரூம் கதவும் மழைக்கு ஊதி இறுகிப்போய்க் கிடக்குது. சனிக்கிழமை வருவியளோ?”